இராயப்பரைக் கொடுக்க மாட்டோம்

காலை ஜெபம் முடிந்து "ஆமென்" சொன்ன வாய்கள் மூடுவதற்குள் மதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் செய்தியைச் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னார். கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் இருக்கும் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் சாலைக்கு அந்தப் பக்கம் ஃபாதர்கள் நடத்தும் ஆண்கள் பள்ளிக்கு அன்பளிப்பாகப் போகின்றனவாம். அங்கே புதிதாகத் தொழில்நுட்பப் பாடம் தொடங்குகிறார்கள், பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள், பையன்கள் ஆசையோடு காத்திருக்கிறார்கள். இங்கே வணிகமும் தொழில்நுட்பமும் படிக்கிற பதினோராம் வகுப்புப் பெண்கள் இந்தப் பருவத்தை எப்படியாவது ஓட்டிவிட்டு அடுத்த பருவத்திலிருந்து மனையியலில் சேர்ந்துகொள்ளலாம். கொடுப்பதில் இருக்கிற இன்பத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, எல்லோரும் கை தட்டுங்கள் என்றார் மதர்.

பள்ளிக்கூடமே கை தட்டியது. பறிகொடுத்தவர்கள் மட்டும் தட்டவில்லை. அந்த வரிசையின் முன்னால் நின்றவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. அவளை வீட்டிலும் வகுப்பிலும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தது அவளுடைய அப்பா. ஐந்து வயதில், வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்த மனுஷனை வாசலிலேயே நிறுத்தி, முதலில் கை கழுவு, அப்புறம் டீ குடி, அப்புறம் படு என்று வரிசைப்படுத்திச் சொன்னவள் அவள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் வளர்ந்த பிறகும் உதிரவில்லை. உதிரவேண்டிய காரணமும் இல்லை, குணம் அப்படியே இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர்களின் கதையைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பழைய இரும்புக்கு இந்தப் பெண்கள் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள் என்று தோன்றும். அந்தப் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் வகுப்பே ஒரு கம்பெனியாக மாறவேண்டும். பங்கு விற்று, இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பொருளைச் செய்து விற்று, கடைசியில் கணக்கு காட்டவேண்டும். முந்தைய வகுப்புகள் மெழுகுவர்த்தி, வாழ்த்து அட்டை என்று சுலபமாகப் போய்விட்டன. மேனேஜரின் வகுப்புதான் மென்பொருள் செய்வோம் என்று கிளம்பியது. செய்வதற்குப் பள்ளியில் கம்ப்யூட்டர் இருக்கவேண்டும் அல்லவா? இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஆபீஸ் அறையில், சாமி படத்துக்குக் கீழே, தொடக்கூடாத உயரத்தில்.

அப்போதுதான் மேனேஜரின் அப்பா வேலை செய்யும் பஸ் பணிமனைக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தைக் காலி செய்தார்கள். பழைய கம்ப்யூட்டர்களை முற்றத்தில் குவித்துப் போட்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போனால் போதும், இடம் காலியானால் சரி என்றார்கள். பெண்கள் தள்ளுவண்டியில் எடுத்து வந்தார்கள். ஸ்குரு என்று ஒருத்தி இருந்தாள். பென்சில் வைக்கவேண்டிய பையில் திருப்புளி வைத்திருப்பவள், அதனால் அந்தப் பெயர். அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். உள்ளே தூசியோடு கரப்பான் குடும்பமும் குடியிருந்தது. இதிலிருந்து ஒரு மின்விசிறி, அதிலிருந்து ஒரு நினைவகப் பலகை என்று பிடுங்கி மாற்றி, செத்துக் கிடந்த குவியலிலிருந்து பன்னிரண்டை உயிரோடு எழுப்பினார்கள். ஒரு பருவம் முழுக்க மதிய இடைவேளையே இல்லாமல் போனது. விரல் நகங்களில் அழுக்கு நிரந்தரமாகத் தங்கிவிட்டது, சுத்தப் பரிசோதனையில் தினமும் திட்டு விழுந்தது.

பன்னிரண்டு என்றவுடன் அப்போஸ்தலர்களின் பெயர்தானே வரும். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினார்கள். கணக்கு வழக்கெல்லாம் வரி வசூலித்த மத்தேயுவிடம். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் நம்பாமல் மறுபடி கேட்பது தோமையார். ஆண்டவரை மறுதலித்த அந்தச் சீடரைப் போலவே மூன்று முறை மறுதலித்த பிறகே எழுந்திருப்பது இராயப்பர், ஆனால் எழுந்துவிட்டால் அதைப்போல உழைப்பது வேறெதுவும் கிடையாது. காட்டிக்கொடுத்தவன் பெயரான யூதாஸை எந்தக் கம்ப்யூட்டருக்கும் வைக்க மனம் வரவில்லை. அதைப் பிரிண்டருக்கு வைத்துவிட்டு, பைபிளில் உள்ளபடியே அந்த இடத்துக்கு மத்தியாஸைச் சேர்த்துக்கொண்டார்கள். பிரிண்டரும் பெயருக்குப் பங்கமில்லாமல் நடந்துகொண்டது. தேவைப்பட்ட சமயத்தில் ஒரு நாளாவது அது தாளை ஒழுங்காகத் துப்பியது கிடையாது.

இந்தப் பன்னிரண்டையும் வைத்துத்தான் தையல் கடைகளுக்கு ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கு என்ன அளவு, எந்தத் துணி எந்த நாளில் கொடுக்கவேண்டும் என்பதையெல்லாம் அது நினைவு வைத்துக்கொள்ளும். மேனேஜரின் அம்மா துணி வெட்டுகிற கடைக்காரரே முதலில் கேட்டார், பருவம் முடிவதற்குள் வேண்டும் என்றார். மேனேஜருக்கு அது வகுப்புப் பாடமாகவே தோன்றவில்லை. பள்ளி முடிந்ததும் இதே தொழிலை மேற்கொண்டு படிப்பது, பிறகு சொந்தமாக ஒரு கம்பெனி, வாசலில் தன் பெயர்ப் பலகை என்று மனசுக்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. மனையியல் படித்துவிட்டு அந்தப் படிப்புக்குள் நுழைய முடியாது. கதவு சாத்திக்கொண்டுவிடும். அவ்வளவுதான் விஷயம், அதற்கு மேல் இதில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

வீட்டில் சொன்னாள். அப்பா பாதி நியாயம் சொன்னார். கொடுத்தவர்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் என்ன செய்வது என்றார். அவர்கள் கொடுக்கவில்லை, நாங்கள் தூக்கி வந்தோம், நீதான் தள்ளுவண்டி கொடுத்தாய் என்று அவள் ஞாபகப்படுத்தியதும், அதுவும் சரிதான் என்று தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். அம்மா, மதரைப் பகைத்துக்கொண்டு அந்தப் பள்ளியில் குப்பை கொட்ட முடியுமா என்று கவலைப்பட்டாள். அக்கா காலிலிருந்து உயரமான செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அக்காவும் அதே பள்ளியில் படித்தவள்தான், இப்போது ஒரு பெரிய கட்டிடத்தின் வரவேற்பு மேசையில் இருந்தாள்.

"ரெண்டு வருஷம் அதே பள்ளிக்கூடத்துல என்னை உக்கார வெச்சு, ஃபோனை எப்படி எடுக்கணும், வர்றவங்களைப் பாத்து எப்படிச் சிரிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. ஆபீஸ் பயிற்சின்னு பேரு. நான் நல்லாத்தான் சிரிக்கறேன்," என்றாள் அக்கா. "என்கிட்ட வழி கேட்டுட்டு எல்லாரும் உள்ள போறாங்க. நான் மட்டும் வாசல்லயே இருக்கேன். நீ விடாதடி."

மேனேஜருக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், நன்றாகத்தான் தூங்கினாள். காலையில் எழுந்தபோது என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. வணிகப் பாடப் புத்தகத்தில், நிறைய பேர் தேர்வுக்கு வராது என்று தள்ளிவிடும் ஒரு பாடம் இருக்கிறது. கம்பெனியின் சொத்தைக் கைமாற்றவேண்டுமானால் பங்குதாரர்களின் கூட்டத்தைக் கூட்டி வாக்கெடுக்கவேண்டும் என்று சொல்கிற பாடம். கம்ப்யூட்டர்கள் யாருடைய சொத்து? வகுப்புக் கம்பெனியின் சொத்து. அப்படியென்றால் கூட்டத்தைக் கூட்டாமல் மதர் எப்படி அன்பளிப்புக் கொடுக்கலாம்?

இதைப் போய்ச் சொன்னபோது வணிக டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், நல்ல டீச்சர். அந்தப் பாடத்தை அழகாக நடத்தியவர். ஆனால் நடத்திய பாடத்தை யாராவது செய்து பார்ப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. தன் வேலைக்கு ஆபத்து என்று கையைப் பிசைந்தார். கூட்டம் நடத்துவது பாடத்திட்டத்தில் உள்ள செய்முறைதானே டீச்சர் என்று மேனேஜர் பணிவாகக் கேட்டபோது, இல்லை என்று சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை. மதரோ சிரித்துவிட்டார். நடத்துங்கள், நானும் வருகிறேன், நல்ல பயிற்சி என்றார். குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடும்போது, வாருங்கள் சாப்பிட என்று கூப்பிட்டால் பெரியவர்கள் வந்து உட்காருவதில்லையா, அந்த மாதிரி.

யார் யாரிடம் பங்கு இருக்கிறது என்று மேனேஜரும் ஸ்குருவும் உட்கார்ந்து பார்த்தார்கள். வகுப்புப் பெண்கள் இந்தப் பக்கம். டீச்சர்கள் எல்லோரும் மதர் பக்கம் கை தூக்குவார்கள், சம்பளம் வாங்குகிற கை வேறெப்படித் தூக்கும்? இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரிக்குச் சரி. மீதி இருந்தவர்கள் மடத்தின் பின்கட்டில் ஓய்விலிருக்கும் மூத்த சிஸ்டர்கள். கைச்செலவுக்கு மடம் கொடுக்கிறதில் மிச்சம் பிடித்து ஆளுக்கொரு பங்கு வாங்கியிருந்தார்கள். அவர்கள்தான் துருப்புச்சீட்டு.

பின்கட்டில் வகுப்புப் பெண்களுக்குத் தனி மரியாதை உண்டு. தூர தேசங்களில் இருக்கும் தம்பி தங்கைகளோடு சிஸ்டர்கள் முகம் பார்த்துப் பேசுவதற்கு இந்தப் பெண்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊர் விஷயம் அத்தனையும் விரல் நுனியில் வைத்திருக்கும் ரேடியோ சிஸ்டர், மேனேஜரும் ஸ்குருவும் போய் வாய் திறப்பதற்கு முன்பே எல்லாம் தெரியும் என்றார். ஐம்பது வருஷம் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவர். நல்ல கருவி எது வந்தாலும் முதலில் சாலைக்கு அந்தப் பக்கம் போகும், அங்கே உடைந்த பிறகு இந்தப் பக்கம் வரும், இந்தத் தடவை பெண்களே செய்ததையும் கேட்கிறார்களா என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் கை உங்களுக்குத்தான் என்று எல்லோருமாகச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியில் ஸ்குரு படியில் இரண்டு இரண்டாகத் தாவினாள். ஜெயித்தாகிவிட்டது என்றே இருவரும் நினைத்தார்கள்.

கூட்டம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. மேனேஜர்தான் தலைமை. குரல் நடுங்காமல் நடத்தினாள். மதர் முன்வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆண்டுவிழா நாடகம் பார்ப்பதுபோல மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர்களைக் கைமாற்றலாமா என்ற தீர்மானம் வந்தது. சரி என்பவர்கள் கை தூக்கினார்கள், மதரும் டீச்சர்களும். கூடாது என்பவர்கள் தூக்கினார்கள். வகுப்பு முழுக்க ஒரே வீச்சில் எழுந்தது. பின்னால், சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வந்து சேர்ந்திருந்த மூத்த சிஸ்டர்களின் கைகளும் ஒவ்வொன்றாக மேலே போயின.

மதர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் மோசம். மிகவும் மெதுவாக எழுந்தார்.

"மகளே, சிஸ்டர்ஸ் கையைத் தூக்கலாம். ஆனா பங்கு அவங்களோடது இல்ல," என்றார். "நாங்க ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்தவங்க. போட்டிருக்கற துணி கூட எங்களுக்குச் சொந்தமில்ல. அவங்ககிட்ட இருக்கறதெல்லாம் மடத்துக்குச் சொந்தம். மடத்துக்குத் தலைவி நான். அந்தப் பங்குக்கெல்லாம் நான்தான் கை தூக்கணும்."

 பின்வரிசைக் கைகள் இறங்கின. ரேடியோ சிஸ்டரின் கை கடைசியாக, தயங்கித் தயங்கி இறங்கியது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

கன்னியரிடம் படிக்காத பெண்கள் யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். இவர்களோ மூன்றாம் வகுப்பிலிருந்து மறைக்கல்விப் பாடத்தில், துறவிகள் சத்தியமாகக் கொடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். மேனேஜர் அந்தப் பாடத்தில் பரிசே வாங்கியவள். பங்கு விற்கப் போனபோது அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சிரித்த முகத்தோடு பங்கு வாங்கிய கிழவிகள்தான். ஒன்றுமே சொந்தமில்லை என்று சத்தியம் செய்தவர்களிடம் சொந்தத்தை விற்றுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.  ஆனாலும் தலைமை தலைமைதானே, தீர்மானம் நிறைவேறியது என்று அவளே தன் வாயால் அறிவித்தாள்.

போகும்போது மதர் அவள் தோளைத் தட்டினார். பிரமாதமாக நடத்தினாய், டீச்சரிடம் சொல்லி முழு மதிப்பெண் போடச் சொல்கிறேன் என்றார். தோற்றதைக்கூட மேனேஜர் தாங்கிக்கொண்டிருப்பாள். இந்த மதிப்பெண்ணை அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் வேன் வந்தது. வந்த ஆட்கள் வயரைப் பிடித்து இழுக்கப் போனபோது ஸ்குரு ஓடிவந்து தடுத்துவிட்டு, அழுதுகொண்டே தானே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். பன்னிரண்டும் போயின. யூதாஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். வெறும் மேசைகளுக்கு நடுவில் அந்தப் பிரிண்டர் மட்டும் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றது.

வகுப்பில் சிலர் அழுதார்கள். சிலர் மனையியலில் கேக் செய்யலாம் என்று தங்களுக்குத் தாங்களே ஆறுதல் சொன்னார்கள். மேனேஜர் சுவரில் ஒட்டியிருந்த டைம்டேபிளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மதிய உணவுக்குப் பிறகு முதல் பீரியட், தினமும், தொழில்நுட்பம், பிராக்டிகல். இந்தப் பருவம் முடியும்வரைக்கும் போட்டிருந்தது, அதை யாரும் மாற்றவில்லை. மாற்ற யாருக்கும் தோன்றவுமில்லை.

"மெஷின்தான் போச்சு. பீரியட் போகல," என்றாள். "பிராக்டிகல் எங்க நடக்கணும்? மெஷின் இருக்கற எடத்துல. எல்லாரும் ஷூவைத் தொடச்சுக்கங்க."

கன்னியர் மடப் பள்ளிகளில் பெண்களுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ இல்லையோ, வரிசையில் நடக்கச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இரண்டு இரண்டு பேராக, பேச்சு மூச்சு இல்லாமல், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு. பதினோரு வருஷம் அப்படியே கோயிலுக்கும் சிற்றாலயத்துக்கும் நடந்தவர்கள். இந்த வரிசைக்கு இருக்கிற மகத்துவம் அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருமே கேள்வி கேட்கவில்லை. வராந்தாவில் எதிரே வந்த சிஸ்டர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். வாசல்காரர் கதவைத் திறந்தார். சாலையில் போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி லாரியையே நிறுத்தினார். எதிர்ப்பக்கம் ஆண்கள் பள்ளியின் காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஏதோ பூசைக்கு வருகிறார்கள் என்று சிலுவை போட்டுக்கொண்டார். இவ்வளவு அடக்கமாக நடந்துபோகிற பெண்கள் அடங்காமல்தான் போகிறார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

வணிக டீச்சர் கடைசியில் வந்தார். முதலில் தலைவலி என்றார், பிறகு யோசித்தார், பிறகு வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து வரிசையின் வாலைப் பிடித்துக்கொண்டார். உதடு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. மேனேஜர் திரும்பிப் பார்த்தபோது, வகுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதானே டீச்சரும் இருக்கவேண்டும் என்று மெல்ல முணுமுணுத்தார். அந்தக் கணத்தில் மேனேஜருக்கு டீச்சரை ரொம்பப் பிடித்துப்போனது.

ஆண்கள் பள்ளியில் புதிதாக வெள்ளையடித்த அறை ஒன்றில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. கதவு பூட்டியிருக்கவில்லை. எல்லாவற்றின் மேலும் நீல நிறத்தில் துணி போர்த்தியிருந்தது. ஸ்குரு ஒரு துணியை விலக்கினாள். அவர்கள் ஒட்டியிருந்த பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு எண் ஒட்டியிருந்தார்கள். பசையின் பிசுக்கு இன்னும் இருந்தது. எது எது என்று கண்டுபிடிக்க அவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை, ஒவ்வொருத்தியும் தன்னுடையதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். போர்வைகளை எடுத்து ஒழுங்காக மடித்து ஓரமாக அடுக்கினார்கள். மின்விசிறிகள் ஒவ்வொன்றாக இரைந்தன. இராயப்பர் ஒருமுறை அணைந்தது, இரண்டாம் முறை அணைந்தது, மூன்றாம் முறையும் அணைந்தது. யாரும் பதறவில்லை. நான்காவது தடவை எழுந்து உட்கார்ந்தது.

ஜன்னலில் பையன்களின் தலைகள் முளைத்தன. கேலி செய்வார்கள் என்று பார்த்தால், அவர்களில் ஒருவன் பொறாமையோடு, எங்களையே இன்னும் உள்ளே விடவில்லை, அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போகிறவரைக்கும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றான். மேனேஜர் அதைக் கேட்டுக்கொண்டாள்.  தையல் கடைக்காரரின் வேலையில் ஒரு பிழை பாக்கியிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் துணி கொடுத்தால் அது அளவுகளைக் குழப்பிவிட்டது, தகப்பனின் இடுப்பு மகளுக்குப் போய்விட்டது. அதைத் தேட ஆரம்பித்தாள்.

ஆண்கள் பள்ளியின் தலைமை ஃபாதர் வந்தார். பெண் பிள்ளைகள் நிறைந்த அறையைத் தன் பள்ளியில் அவர் பார்த்ததே கிடையாது. வாசலிலேயே நின்றுவிட்டார். யார் உங்களை வரச் சொன்னது என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார். டைம்டேபிள், ஃபாதர் என்றாள் மேனேஜர். அவர் ஃபோனைத் தேடிக்கொண்டு போனார்.

மதர் வந்தார். வேன் இல்லை, கார் இல்லை, வெயிலில் சாலையைக் குறுக்கே நடந்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் ஆண்டுவிழா மலர்ச்சி எதுவும் இல்லை.

"எல்லாரும் எழுந்திருங்க. வரிசையா நில்லுங்க."

பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பயத்தினால்கூட இல்லை. அந்தக் குரலுக்குக் கால்கள் தாமாக எழுந்துவிடும், பதினோரு வருஷப் பழக்கம். ஸ்குருவும் எழுந்திருந்தாள். மேனேஜர் உட்கார்ந்தே இருந்தாள். நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தாள், இல்லையென்றால் அவள் கால்களும் எழுந்திருக்கும்.

"உனக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

"மாட்டேன் மதர்."

 டீச்சரின் உதடுகள் நின்றுவிட்டன.

"கீழ்ப்படிதல்னு ஒண்ணு இருக்கு," என்றார் மதர்.

"அது நீங்க குடுத்த வார்த்தைப்பாடு மதர். நான் குடுக்கல." நாற்காலியை விடாமலே மேலே பேசினாள். "நேத்து சிஸ்டர்ஸ் கையை நீங்க எறக்கினீங்க. நான் ஒரு வார்த்தை பேசல. அவங்க சத்தியம் பண்ணினவங்க, உங்களுக்கு உரிமை இருக்கு. என் கையை நீங்க எறக்க முடியாது. இதை நாங்க கரப்பான் பூச்சியைத் தள்ளிட்டு எடுத்து வெச்சோம். எங்க வேலை இதுல இருக்கு. வேலை முடியாம நான் எழுந்திருக்க மாட்டேன்."

ஸ்குரு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவள் உட்கார்ந்தாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உரசின. யார் கடைசியாக உட்கார்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் மதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபாதருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நல்ல மனுஷர்தான், சண்டை பிடிக்காதவர், எதையாவது சொல்லிச் சமாளிக்க நினைத்தார். "விடுங்க மதர், சின்னப் பிள்ளைங்க. அதிகாரிங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் இதுல பழசா ரெண்டு மூணு பாத்துத் திருப்பிக் குடுத்துடறோம்."

மதர் அவர் பக்கம் திரும்பினார். பையன்கள் காத்திருக்கிறார்கள் என்று சொன்னீர்களே, பாடம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். தொடங்கத்தான் வேண்டும் என்றார் ஃபாதர். யார் நடத்துகிறார்கள் என்று மதர் கேட்டார். இன்னும் ஆள் போடவில்லை, அனுமதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம் என்றார் அவர். அதில் மறைக்க ஏதோ இருப்பதாகக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மதர் ஓரத்தில் மடித்து அடுக்கியிருந்த நீலப் போர்வைகளைப் பார்த்தார். கம்ப்யூட்டர்களில் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வரிசையில் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நடந்த பெண்தான். மேலிடத்திலிருந்து கேட்டார்கள், கொடுத்தார். கேட்டபோதெல்லாம் கொடுத்தே பழகியவர். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. கோபம் மாதிரி இருந்தது. ஆனால் அது தன் பக்கம் திரும்பியிருக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது.

"நாளைக்குக் காலையில உங்க அப்பாவைக் கூட்டிட்டு வரணும்," என்றார் மதர். "பேசின பேச்சுக்கு."

"சரி மதர்."

அவ்வளவுதான், எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று டீச்சர் பதிவேட்டை மூடினார். ஃபாதரும் அப்படித்தான் நினைத்துக் கதவை அகலமாகத் திறந்து பிடித்தார்.

"மூடுங்க ஃபாதர், பசங்க சத்தம் கேக்குது. பீரியட் இன்னும் முடியல," என்றார் மதர். சுவரோரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவுக்கு நேராக, யார் உள்ளே வந்தாலும் தன்னைத் தாண்டித்தான் வரவேண்டும் என்கிற இடத்தில் உட்கார்ந்தார். "முடிஞ்சதும் மெஷினோட சேத்து எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன். வேனை வரச் சொல்லுங்க."

ஃபாதர் அதிகாரிகளைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தீர்மானம் நிறைவேறியிருக்கிறது என்று நீங்கள்தானே ஃபோனில் சொன்னீர்கள் என்றார். அந்தப் பங்குகளுக்கெல்லாம் கை தூக்கவேண்டியது நான்தான், இன்னொரு கூட்டம் போட்டு இந்தத் தடவை கூடாது என்று தூக்குகிறேன் என்றார் மதர். மேலிடம் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் கேட்டதற்கு, என்னைக் கேட்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. சொல்லிவிட்டு மதர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கதவுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். கீழ்ப்படியாமல் இருப்பதில் அவருக்கு அனுபவமே கிடையாது.

மேனேஜர் திரையின் பக்கம் திரும்பினாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தகப்பனின் இடுப்பு இன்னும் மகளிடம்தான் இருந்தது. சிறிது நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே, அடுத்த பருவத்திலும் எங்களுக்கு இந்த பீரியட் வேண்டும் மதர் என்றாள்.

"டைம்டேபிள் போடறது நான்தான்," என்றார் மதர். "நீ வேலையைப் பாரு."